ஆலைக்கு வந்திருக்கும் புதுக் கிராணி

(பிரிக்பீல்ட்ஸில் தோட்ட, ஆலைத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் கம்ப்யூட்டர். பால் வெட்டுகிறவனுக்கு இது எதற்கு என்று யாரும் எழுந்து போய்விட வேண்டாம். பால் கையுறையாக மாறுகிற ஆலைகளில் ஒரு புதுக் கிராணி வந்து உட்கார்ந்திருக்கிறார். அவர் தூங்குவதில்லை, லீவு கேட்பதில்லை, நாம் வால்வைத் திறந்த நிமிஷத்தைக்கூடக் குறித்து வைக்கிறார். அவர் எழுதும் கணக்கை நாம் படிக்க முடியுமா? அதுதான் நம் முன்னே நிற்கும் கேள்வி.

நம் வீட்டில் இட்லி அவிக்கும்போது, "ஓர் ஈடு இறக்கியாயிற்று" என்பார்கள். ஓர் ஈட்டுக்கு இவ்வளவு மாவு, இவ்வளவு நேரம். கெட்டால் அந்த ஈடு முழுவதும் கெடும். அடுத்த ஈடு நன்றாகவே வரலாம். ஆலையில் 'பேட்ச்' என்று சொல்வது இதைத்தான். நாம் கூடியிருக்கும் இந்த இடத்துக்கே அப்படித்தான் பெயர் வந்தது. 1881-ல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரைச் சீரழித்த பிறகு, வீடுகளைச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டவேண்டும் என்றார்கள். அதற்குக் கல் சுட்ட சூளைகள் இருந்த இடம் பிரிக்பீல்ட்ஸ். சூளையும் ஈடு ஈடாக வேகிற தொழில்தான். மருந்து, பெயிண்ட், சோப்பு ஆகியவையும் பெரும்பாலும் அப்படியே.

நம் தோட்டங்கள் பல செம்பனையாகவும் வீட்டு மனையாகவும் மாறிவிட்டன. நம் பிள்ளைகள் பலர் கிள்ளான், மேரு, ஷா ஆலம் பக்கத்து ஆலைகளில் வேலை செய்கிறார்கள். கையுறை ஆலையைப் பாருங்கள். மரத்துப் பாலில் நூற்றுக்கு முப்பது, முப்பத்தைந்து பங்குதான் ரப்பர். அம்மோனியா சேர்த்து, சுழல் யந்திரத்தில் சுற்றி, அதை அறுபது பங்காக்குகிறார்கள். அந்தப் பால் கையுறை ஆலையின் பெரிய தொட்டிக்குப் போகிறது. அங்கே கந்தகம், துத்தநாக ஆக்ஸைடு முதலியவற்றைச் சேர்த்துக் கலந்து, குறித்த சூட்டில், குறித்த நேரம் வைக்கிறார்கள். ஒரு தொட்டி, ஓர் ஈடு. நைட்ரைல் என்னும் செயற்கை ரப்பருக்கும் கலவை முறை ஏறக்குறைய இதுதான். சரக்கு கூடக் குறைய விழுந்தால் அந்த ஈட்டில் தோய்த்த கையுறைகள் பலமிழக்கும். அதைக் கையில் மாட்டுகிறவர் ஆஸ்பத்திரி நர்ஸ் அல்லவா?

முன்பு இதற்கெல்லாம் காகிதச் சீட்டு இருந்தது. ஷிப்டு முடிகிற வேளையில், ஞாபகத்திலிருந்து எழுதிய சீட்டுகளும் உண்டு. அந்தச் சீட்டின் வேலையைத்தான் இன்று உற்பத்தி நடத்தும் மென்பொருள் செய்கிறது.

அதன் வேலையைத் தோட்டத்து வழக்கில் சொல்வோம். மேலே துரையின் ஆபீஸ், கீழே வேலைக்காடு, நடுவே கிராணி. ஆலையிலும் மேலே ஆர்டர், கீழே வால்வும் மோட்டாரும், நடுவே இந்த மென்பொருள். எந்தத் தட்டில் என்ன வேலை, ஒன்றுக்கொன்று எப்படிப் பேசவேண்டும் என்பதற்கு 2000-ல் ஐ.எஸ்.ஏ.-95 என்ற நியமம் வந்தது. அதற்கு முன்பே, 1995-ல், ஐ.எஸ்.ஏ.-88 என்ற நியமம் வந்திருந்தது. பக்குவம் வேறு, பாத்திரம் வேறு என்பது அதன் சாரம். செய்முறையைத் தனியாக எழுதி வைத்தால் அதே முறையை வேறு தொட்டியிலும் செய்யலாம். தொட்டிக்குத் தொட்டி புதிதாகக் கட்டளை எழுதவேண்டியதில்லை.

சரக்கு மூட்டையின் கோடுகளைக் கருவியால் காட்டினால், அது தவறான மூட்டை என்றால், அடுத்த படிக்கு மென்பொருள் வழி விடாது. தராசின் எடை நேரே கணக்கில் ஏறும். ஆயிரம் வரிகளைக் கிராணி படித்துப் பார்க்கத் தேவையில்லை. அளவு மீறிய இடத்தை மட்டும் அதுவே எடுத்துக் காட்டும். பழைய ஈடுகளின் கணக்கை வைத்து, ஓடிக்கொண்டிருக்கும் ஈடு கெடப்போகிறதா என்று முன்கூட்டிச் சொல்லும் முறைகளும் இப்போது வந்திருக்கின்றன. பெட்டியின் மேல் இருக்கும் எண்ணைக் கொண்டு, எந்தத் தொட்டி, எந்த நாள், யார் கை என்று பின்னோக்கிப் போகலாம்.

இதை நாம் எதிர்க்கவேண்டுமா? வேண்டியதில்லை என்பதே நம் எண்ணம். ஷீட் ரப்பரைக் கண்ணால் பார்த்துத் தரம் சொன்ன காலம் ஒன்று இருந்தது. 1965-ல் எஸ்.எம்.ஆர். என்னும் மலேசிய நியம ரப்பர் முறை வந்தது. அழுக்கு எவ்வளவு என்று சோதனைச் சாலையில் அளந்து தரம் போட்டார்கள். கண் சொன்ன இடத்தில் அளவு சொன்னது. அளவு நியாயத்துக்குத் துணை. ஆனால் அதைப் படிக்கத் தெரிந்தவனுக்கே துணை. பால் நிறுக்கும் கொட்டகையில் மிதவையைப் போட்டு ரப்பர் பங்கைப் பார்த்து எண்ணைச் சொல்லுவார்கள். எழுத்துத் தெரியாத நம் பாட்டிமார் சொன்னதைக் கேட்டுக்கொண்டு வாளியைத் தூக்கிப் போனார்கள். அந்த எண்தான் அவர்கள் சம்பளம்.

இன்று ஓர் ஈடு கெட்டால், "இந்த நேரம், இந்தப் பெயர்" என்று திரை காட்டும். சரக்கே கெட்டிருந்ததா, சூடு காட்டும் கருவி பழுதா, ஒருவர் பெயரில் இன்னொருவர் வேலை செய்தாரா என்று கேட்க, கணக்கு நம் கைக்கும் வரவேண்டும். கிராணிமார்களுக்குத் தெரியும்: தப்பாக எழுதியதை அழிக்கக்கூடாது, கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்திட வேண்டும். மருந்து முதலியவற்றுக்கான மின்கணக்கு பற்றி அமெரிக்க அரசு 1997-ல் போட்ட விதியும் இதையே சொல்கிறது. திருத்தம் செய்தவர், நேரம் இரண்டும் பதியவேண்டும். பழைய எழுத்து மறையக்கூடாது.

ஆகவே, ஒப்பந்தப் பேச்சில் நாம் கேட்கவேண்டியவை இவை. திரையில் வரும் கட்டளை, வேலை செய்கிறவருக்குப் புரியும் மொழியில் இருக்கவேண்டும். தமிழ், மலாய் மட்டுமல்ல, நேப்பாளத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்து நம்மோடு உழைக்கும் தோழர்களின் மொழியிலும். ஒருவருடைய கடவுச்சொல்லில் இன்னொருவரை வேலை செய்யச் சொல்லக்கூடாது. விசாரணை என்று அழைத்தால், அந்த ஈட்டின் முழுக் கணக்கும், திருத்தங்களோடு, தொழிலாளியிடம் முன்னதாகக் கொடுக்கப்படவேண்டும். சீட்டு எழுதிய கிராணிகளை வீட்டுக்கு அனுப்பாமல், இந்த வேலைக்கு முதலில் அவர்களைப் பழக்கவேண்டும். நம்மைப் பற்றி வைத்திருக்கும் விவரத்தைப் பார்க்கக் கேட்கும் உரிமையை 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் எழுதி வைத்திருக்கிறது. அதை ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதுவது சங்கத்தின் வேலை.

கிராணிமார்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த வாரம் உங்கள் ஆலையில் ஓர் ஈட்டின் கணக்கு திரையில் எப்படி இருக்கிறது என்று பக்கத்தில் வேலை செய்யும் ஒருவருக்கு வரி வரியாகச் சொல்லிக் கொடுங்கள். வெட்டுக்காரத் தோழர்களே, ஆலைக்குப் போகும் உங்கள் பிள்ளைகளிடம் கேளுங்கள்: "உன் பெயரில் என்ன எழுதியிருக்கிறது, பார்த்தாயா?"