ஒரு மாத்திரையின் விலை



மண்ணச்சநல்லூரில் பிறந்தவனுக்கு விலைக் கணக்கைக் கற்பிக்க வேண்டியதில்லை. எங்கள் ஊர் அரிசி ஆலைகளின் ஊர். ஒரு மூட்டை அரிசி என்ன விலைக்குப் போக வேண்டும் என்பதை ஆலை வாயிலில் நிற்கும் எவரும் சொல்லிவிடுவார். நெல் வாங்கிய விலை, வேகவைக்கும் கூலி, காயவைக்கும் கூலி, அரைவைக் கூலி, சாக்கு, வண்டிச் சத்தம் ஆகியவற்றைக் கூட்டி, வியாபாரியின் ஆதாயத்தையும் சேர்த்தால் விலை வந்துவிடும். தவிடும் உமியும் விற்ற வரவைக் கழிக்கவும் அவர் மறக்கமாட்டார்.

இக்கணக்குக்கு அடங்காத பண்டம் ஒன்று உண்டு. அதுதான் புதிதாகக் கண்டறியப்பட்ட மருந்து. அதன் முதல் மாத்திரை வெளிவருமுன் பல ஆண்டு ஆராய்ச்சியும் பெரும் பொருளும் செலவாகின்றன. மனிதர்களிடம் சோதித்துப் பார்க்கும் நிலைக்கு வந்த பொருள்களிலும் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பாதி வழியிலேயே விழுந்துவிடுகின்றன. இவ்வளவையும் கடந்து முதல் மாத்திரை வந்தபின், இரண்டாம் மாத்திரையைச் செய்யச் சில ரூபாய்களே போதும். சில மருந்துகளுக்குச் சில காசுகளே போதும். அப்படியாயின் விலையை எந்த மாத்திரையைக் கொண்டு வகுப்பது? முதலாவதைக் கொண்டா, இரண்டாவதைக் கொண்டா? உலகெங்கும் நடைபெறும் வழக்கு இதுவே. நம் நாட்டில் இவ்வழக்கின் பெரும்பகுதி சென்னையிலேயே நடந்தது என்பது உங்களில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம்.

புதிதாக ஒன்றைக் கண்டவருக்குச் சில காலம் தனி விற்பனை உரிமை அளிப்பதையே காப்புரிமை என்கிறோம். 1911ஆம் ஆண்டுச் சட்டம் நமக்கு வெள்ளையர் விட்டுச் சென்றது. அதை ஆராயும் பணி சென்னை உயர் நீதிமன்றத்தைச் சார்ந்த நீதிபதி என். ராஜகோபால ஐயங்காரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1959-இல் அவர் தந்த அறிக்கையே 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்துக்கு அடிப்படை. மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இல்லை, அதைச் செய்யும் முறைக்கு மட்டுமே உண்டு என்று அச்சட்டம் வகுத்தது. 1972-இல் அது நடைமுறைக்கு வந்ததும், நம் நாட்டு வேதியியலார் வேறு முறைகளில் அதே மருந்துகளைச் செய்யத் தொடங்கினர். ஓர் எடுத்துக்காட்டுப் போதும். எச்.ஐ.வி. நோய்க்கான கூட்டு மருந்து மேல்நாட்டில் ஆண்டுக்குப் 10,000 டாலருக்கு மேல் விற்றுக்கொண்டிருந்தது. 2001-இல் மும்பையைச் சேர்ந்த சிப்லா நிறுவனம் அதை 350 டாலருக்குத் தர முன்வந்தது.

உலக வர்த்தக அமைப்பின் உடன்படிக்கையை ஒட்டி, 2005-இல் மருந்துப் பொருளுக்கும் காப்புரிமை தர வேண்டியதாயிற்று. ஆயினும் நாடாளுமன்றம் 3(டி) என்னும் பிரிவைச் சேர்த்துவைத்தது. அறிந்த பொருளின் புதிய வடிவம், நோய் தீர்க்கும் ஆற்றலில் மேம்பட்டிருந்தாலன்றி, காப்புரிமைக்கு உரியதன்று என்பது அதன் சாரம்.

நிற்க. 1960-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் இருவர் ஒரு வகை இரத்தப் புற்றுநோயாளரின் உயிரணுக்களில் வழக்கத்துக்கு மாறாகக் குறுகிய குரோமோசோம் ஒன்றைக் கண்டனர். அந்தக் குறையை நேரே தாக்கும் மருந்து வருவதற்கு நாற்பது ஆண்டுகள் ஆயின. அம்மருந்து இமாட்டினிப். சுவிட்சர்லாந்தின் நோவார்ட்டிஸ் நிறுவனத்து வேதியியலாரும் ஓரிகான் சுகாதார, அறிவியல் பல்கலைக்கழக மருத்துவர் பிரையன் டிரக்கரும் அதற்காக உழைத்தனர். 2001-இல் அமெரிக்க அரசு அதற்கு இசைவளித்தது. சில ஆண்டுகளில் உயிரைக் கவர்ந்த நோய், நாள்தோறும் மாத்திரை உண்டு வாழும் நோயாக மாறிற்று. இதைச் செய்தவர்களைப் பாராட்டாமல் விலையைப் பற்றிப் பேசத் தொடங்குவது நன்றியன்று.

விலையோ, வழக்கு நடந்த காலத்தில் நம் நாட்டில் மாதத்துக்கு ஏறக்குறைய 1,20,000 ரூபாயாக இருந்தது. இந்திய நிறுவனங்கள் செய்த அதே மருந்து அப்போது 8,000 முதல் 10,000 ரூபாய்க்குக் கிடைத்தது. மூல மருந்தின் ஒரு படிக வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு 1998-இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் மனுச் செய்யப்பட்டிருந்தது. 2006 ஜனவரியில் அம்மனு தள்ளப்பட்டது. 3(டி) பிரிவே செல்லாது என்று தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007 ஆகஸ்டில் தள்ளியது. 2013 ஏப்ரல் 1-ஆம் நாள் உச்ச நீதிமன்றத்து நீதிபதிகள் ஆஃப்தாப் ஆலமும் ரஞ்சனா பிரகாஷ் தேசாயும் இறுதித் தீர்ப்பு வழங்கினர். புதிய வடிவம் உடலில் 30 விழுக்காடு கூடுதலாகச் சேர்கிறது என்பது நிறுவனத்தின் வாதம். அதனால் நோய் தீர்க்கும் ஆற்றல் கூடியதாக மெய்ப்பிக்கப்படவில்லை என்பது நீதிமன்றத்தின் முடிவு. எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால், அதே அரிசியை நல்ல சாக்கில் கட்டிப் புதிய நெல் ரகம் என்று பெயர் கேட்டார்கள். சாக்கு நல்ல சாக்குதான், அதை மறுப்பதற்கில்லை.

அந்நிறுவனம் நம் நாட்டில் ஆயிரக்கணக்கான நோயாளருக்கு இம்மருந்தை இலவசமாகவே கொடுத்து வந்தது. இதையும் சொல்லாவிட்டால் என் பேச்சு ஒருதலைப் பட்சமாகும். ஆனால் கொடையாகக் கிடைப்பது வேறு, கொடுக்கக்கூடிய விலைக்குக் கிடைப்பது வேறு. கொடுப்பவர் மனம் மாறினால் கொடை நின்றுவிடும்.

இன்னொரு வழக்கை உங்கள் கணக்குக்கே விடுகிறேன். சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றின் புற்றுநோய்க்குரிய சொராஃபெனிப் என்னும் மருந்தைப் பேயர் நிறுவனம் மாதத்துக்கு 2,80,428 ரூபாய்க்கு விற்றது. இதற்குக் காப்புரிமை முறையாகவே இருந்தது. எனினும் நியாயமான விலைக்கு மக்களுக்குக் கிடைக்கவில்லை என்று கண்டு, 2012 மார்ச்சில் காப்புரிமைத் தலைமை அதிகாரி, ஹைதராபாத்தின் நாட்கோ நிறுவனத்துக்குக் கட்டாய உரிமம் வழங்கினார். நாட்கோ கேட்ட விலை 8,880 ரூபாய். உரிமைத்தொகையாக விற்பனையில் 6 விழுக்காட்டைப் பேயருக்குத் தர வேண்டும் என்றும் ஆணையிட்டார். பின்னர் அது 7 ஆயிற்று. முதல் விலையை இரண்டாம் விலையால் வகுத்துப் பாருங்கள், முப்பது மடங்குக்கு மேல் வரும். இத்தகைய கட்டாய உரிமம் நம் நாட்டில் வழங்கப்பட்டது அந்த ஒரு முறைதான். இந்த ஆயுதம் எடுப்பதற்கு அரியதாகவே இருந்து வருகிறது.

இனி, விலை எதுவாயினும் அதைக் கொடுப்பவர் யார் என்ற கேள்வி. இது புதிய கேள்வியன்று. 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை ஒன்றைக் குறிக்கிறது. மருத்துவருக்கும் மூலிகை கொணர்வார்க்கும் நெல் அளந்தது, ஓராண்டுக்கு இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர் எல்லாம் அதில் உள்ளன. நோயாளியிடம் விலை கேட்கவில்லை. ஊர் நிலத்தின் விளைவிலிருந்து கொடுத்தார்கள்.

இன்றைய தமிழ்நாட்டில் அந்த இடத்தில் இரண்டு ஏற்பாடுகள் உள்ளன. 1994-இல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகள் அனைத்துக்குமாக ஒப்பந்தப்புள்ளி கோரி மொத்தமாக வாங்குகிறது. பலர் செய்யும் மருந்தாயின் போட்டியால் விலை இறங்கும். ஒருவரே செய்யும் புதிய மருந்தாயின் ஒப்பந்தப்புள்ளிக்கு வருபவரும் ஒருவரே. மற்றொன்று முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, முன்கூட்டி வகுத்த சிகிச்சைகளுக்கு வகுத்த தொகையை அது தருகிறது. சற்று முன் சொன்ன 2,80,428 ரூபாயை மீண்டும் நினைத்துப் பாருங்கள். 5 லட்சம் இரண்டு மாதத்துக்குக்கூட வராது.

தனியார் காப்பீட்டின் நிலை வேறு. என்னிடம் எட்டாம் வகுப்பில் பயின்ற ஒருவர் எங்கள் ஊர் ஆலை ஒன்றில் கணக்கெழுதுகிறார். பதினைந்து ஆண்டுகளாக இமாட்டினிப் உண்டு, நலமாக இருக்கிறார். அவர் பாலிசி எடுத்திருந்த நிறுவனம் மருந்துச் செலவைத் தர மறுத்துவிட்டது. மருத்துவமனையில் தங்கிப் பெற்ற சிகிச்சைக்கே பணம் என்பது அவர்கள் விதி. “படுத்திருந்தால் கொடுப்பார்களாம் ஐயா, நடமாடினால் கொடுக்கமாட்டார்களாம்” என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். வீட்டில் உண்ணும் மாத்திரையே நோயைத் தீர்க்கும் காலத்துக்கு அந்த விதி பழையது என்பதில் எனக்கு ஐயமில்லை.

இங்கிலாந்தில் 1999 முதல், தேசிய நலச் சேவைக்காக ஒரு நிறுவனம் புதிய மருந்துகளை எடைபோடுகிறது. இம்மருந்தால் நலமான வாழ்நாள் எத்தனை ஆண்டு கூடும், ஓர் ஆண்டுக்கு என்ன செலவு என்று கணக்கிடுகிறது. நெடுங்காலம் 20,000 முதல் 30,000 பவுன் வரை அதன் அளவுகோலாக இருந்தது. அதற்கு மேற்பட்டால் விலையைக் குறை என்று கேட்கும். நாடு முழுவதும் ஒரே வாங்குபவராகக் கேட்பதால் கேட்பதற்கு வலு உண்டு. மனித உயிருக்கு விலை போடுவதா என்று சிலர் சினப்பர். போடாத நாட்டில், நோயாளி வீட்டு நகையும் நிலமும் அந்த விலையைப் போட்டுவிடுகின்றன. எங்கள் வட்டாரத்தில் அடகுக் கடைக்காரரைக் கேட்டால் தெரியும்.

நம் நாட்டிலும் 2017-இல் சுகாதார ஆராய்ச்சித் துறையின்கீழ் இத்தகைய மதிப்பீட்டுக்கு ஓர் அமைப்பு ஏற்பட்டது. ஆனால், காப்புரிமை பெற்ற புதிய மருந்துகளுக்கு, விற்பனைக்கு வந்த நாள் முதல் ஐந்தாண்டு விலைக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்களித்து 2019-இல் மத்திய அரசு ஆணை பிறப்பித்தது. ஆராய்ச்சிக்கு ஊக்கம் வேண்டும் என்பது அதற்குச் சொன்ன காரணம். காரணம் பொய்யன்று. எனினும் புற்றுநோயாளிக்கு ஐந்தாண்டு என்பது எவ்வளவு என்பதை மருத்துவக் கல்லூரியில் பயிலும் நேயர்கள் நன்கு அறிவார்கள்.