வட்டி இல்லாமல் ஒரு தொழில் திட்டம்

(சூரமங்கலம் மாணவர் கூட்டத்தில் ஆற்றிய உரையிலிருந்து)

மாணவர்கள் தொழில் திட்டம் எழுதி, பணம் போடுகிறவர்கள் முன் வாதாடும் போட்டியை 1984-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகம் தொடங்கியது. மும்பை ஐ.ஐ.டி.யும் 'யுரேகா' என்று நடத்துகிறது. நம் பிள்ளைகளோ, "அதெல்லாம் இங்கிலீஷ் பேசுகிறவர்களுக்கு" என்று ஒதுங்குகிறார்கள்!

வெள்ளி விலை திடீரென இறங்கினால் நட்டம் யார் தலையில்? வியாபாரி 45 நாள் இழுத்தடித்தால் சனிக்கிழமை கூலிக்கு வழி என்ன? நடுவர்கள் கேட்பது இதைத்தான். பக்கத்துச் சிவதாபுரத்துக் கொலுசுப் பட்டறையில் வளர்ந்த பையனுக்கா பதில் தெரியாது?

ஆனால், மூலதனம் என்ற இடத்தில் 'வட்டிக்கடன்' என்று எழுதிவிடாதீர்கள். முளாரபா இருக்கிறதே! பணம் ஒருவருடையது, உழைப்பு இன்னொருவருடையது. லாபம் பேசிய விகிதப்படி. ஏமாற்றோ அலட்சியமோ இல்லாமல் நட்டம் வந்தால் பணம் போட்டவருக்குப் பணம் போச்சு, உழைத்தவருக்கு உழைப்பு போச்சு.

பின்வரிசையில் இருக்கும் செல்வந்தர்களே, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இந்தப் பையன்கள் நாளை கணக்கு நோட்டோடு உங்கள் கடைக்கு வருவார்கள். உட்கார வைத்துக் கேளுங்கள்.