ஆசனம் தந்தால் மனம் மாறுமா?

(சங்கத்தின் வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பெண்ணுக்குச் சமத்துவம் வேண்டும் என்று மேடையில் சொல்லாதவர் இன்று அரியர். ஆனால் அதனை எவ்வாறு உண்டாக்குவது என்று கேட்டால் இரு கட்சியினர் எழுவர். “முதலில் மக்கள் மனம் மாறட்டும், சட்டம் பின்னர் வரட்டும்” என்பர் ஒரு சாரார். “சட்டம் வரட்டும்; மனம் தானே மாறும்” என்பர் மறு சாரார். சர்வகலாசாலையில் பொருளியல் பயிலும் மாணவி என்ற முறையில், இவ்வழக்கை ஆராய்ச்சியால் தீர்க்க முயன்ற வரலாறொன்றை உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

பாரத நாட்டில் 1993ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம், பஞ்சாயத்துக்களின் உறுப்பினர் ஆசனங்களிலும் தலைவர் பதவிகளிலும் மூன்றிலொரு பங்குக்குக் குறையாமல் பெண்களுக்கு ஒதுக்க வேண்டும் என விதித்தது. மேற்கு வங்காளத்திலே எந்தப் பஞ்சாயத்தின் தலைமை இம்முறை பெண்ணுக்குரியது என்பது, ஊரின் குணநலன் பாராது, சீட்டுக் குலுக்கினாற்போலத் தீர்மானிக்கப்பட்டது. ஆராய்ச்சியாளருக்கு இது பெரும் வாய்ப்பாயிற்று. முற்போக்கான ஊர்கள் தாமே விரும்பிப் பெண்ணைத் தெரிந்திருந்தால், பின்பு அங்கு கண்ட நன்மை தலைவியால் வந்ததா, ஊரின் முற்போக்கால் வந்ததா என்று பிரித்தறிய இயலாது. இங்கோ அந்தச் சந்தேகத்திற்கு இடமில்லை.

இராகபேந்திர சட்டோபாத்தியாய், எஸ்தர் டுஃப்ளோ என்னும் இருவர் மேற்கு வங்காளத்துப் பீர்பூம் மாவட்டத்தையும் இராஜஸ்தானத்து உதயப்பூர் மாவட்டத்தையும் ஆராய்ந்து 2004இல் தம் முடிபை வெளியிட்டனர். இவர்களுள் டுஃப்ளோ அம்மையார் 2019இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றவர். பெண் தலைமை தாங்கிய பஞ்சாயத்துக்களில் குடிநீர் வசதிக்கு அதிக பணம் செலவாயிற்று என்பது அவர்கள் கண்டது. குடத்தைச் சுமப்பவள் பெண். நீருக்காக முறையிட்டவளும் பெண்ணே. வங்காளத்தில் பெண்கள் வீதி வேலையிற் கூலிக்குச் செல்பவர். வீதியும் வேண்டும் என்றனர். அங்கே வீதியும் திருந்திற்று. உதயப்பூரில் வீதியைப் பெரிதும் கேட்டவர் ஆண்கள். அங்கே பெண் தலைமையில் வீதிக்குரிய பங்கு குறைந்தது. ஆகவே ஆசனத்தில் அமர்பவர் மாற, ஊருக்குக் கிடைப்பதும் மாறுகிறது.

“பெயருக்குத்தான் மனைவி, ஆள்பவன் கணவன்” என்று சிலர் நகைப்பதுண்டு. கணவன்மார் குறுக்கிட்ட ஊர்கள் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் கணவனே எங்கும் ஆண்டிருப்பின், பெண்கள் கேட்ட திசையில் பணம் திரும்பியிராது.

இனி மனத்தின் கதைக்கு வருவோம். பெண் தலைமை தாங்கிய ஊர்களிற் பொது வசதிகள் கூடியிருந்தும், அவற்றின் தரம் குறையாதிருந்தும், ஊரவரின் திருப்தி மட்டும் குறைந்தே இருந்தது. இது ஏன் என்று அறிய, 2009இல் வெளியான ஓர் ஆராய்ச்சியிற் புதுமையான சோதனை ஒன்று நடத்தப்பட்டது. ஒரு தலைவரின் உரையைச் சிலருக்கு ஆண் குரலிலும், அதே உரையை வேறு சிலருக்குப் பெண் குரலிலும் கேட்பித்தனர். பெண் தலைமையைக் கண்டறியாத ஊர்களின் ஆடவர், பெண் குரலுக்குரியவரைத் திறமை குன்றியவர் என மதித்தனர். சொல் ஒன்றே, குரல்தான் வேறு! பெண் தலைமையைக் கண்ட ஊர்களிலோ அந்த வேறுபாடு மறைந்திருந்தது. (இவ்வுரையை என் தமையனார் வாசித்திருந்தால் எத்தனை மதிப்பெண் கூடியிருக்கும் என்பதைச் சபையோரே அறிவர்!)

ஆயினும் ஒன்று குறிப்பிடத்தக்கது. “தலைவர் ஆணாக இருப்பதையே விரும்புகிறோம்” என்ற ஆடவரின் விருப்பம் அவ்வூர்களிலும் மாறவில்லை. மாறியது “பெண்ணுக்கு ஆற்றல் இல்லை” என்ற தீர்ப்பே. விருப்பத்தைச் சட்டம் எளிதில் மாற்றாது. அறியாமையை அனுபவம் மாற்றும். அதுவும் உடனே அன்று. முதன்முறை வந்த பெண்ணை ஊர் குறைவாகவே மதித்தது. இரு முறை ஒதுக்கீடு கண்ட இடங்களிலேதான் பெண்கள் பொது ஆசனங்களிலும் போட்டியிட்டு அதிகமாக வென்றனர். 2012இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சி, அத்தகைய ஊர்களிற் பெற்றோர் மகனுக்கும் மகளுக்கும் கொண்ட ஆசைகளின் இடைவெளி நான்கிலொரு பங்கு குறைந்ததையும், படிப்பிற் பெண் பிள்ளைகள் ஆண் பிள்ளைகளுக்கு நிகரானதையும் காட்டியது.

நம் நாட்டை நோக்குவோம். 1931இல் ஆண் பெண் இருபாலாரும் வாக்குரிமை பெற்றோம். 1960இல் உலகின் முதற் பெண் பிரதமரைக் கண்டோம். அவ்வாறிருந்தும் உள்ளூராட்சி மன்றங்களில் நெடுங்காலம் நூற்றுக்கு 2 பேர் அளவிலேயே பெண்கள் இருந்தனர். நூற்றுக்கு 25 என்ற ஒதுக்கீட்டுடன் 2018 பெப்ரவரியில் நடந்த தேர்தலின் பின்னரே அது 20ஐக் கடந்தது. ஆயினும் நமது சட்டம் உறுப்பினர் ஆசனத்தோடு நின்றுவிட்டது. தவிசாளர் கதிரையைத் தொடவில்லை. வங்காளம் புகட்டிய பாடமோ கதிரையைப் பற்றியது.

சபையோர்களே, சட்டமியற்றும் அதிகாரம் நம்மிடம் இல்லை. சங்க விதிகளை இயற்றும் அதிகாரம் உண்டு. நமது விழாக்களிற் கோலமிடவும் பண்ணிசைக்கவும் பெண்கள் முன்னிற்கின்றனர். கணக்கும் தீர்மானமும் எழுதும் மேசையில் அவர்களைக் காண்பதரிது. தலைவர், காரியதரிசி, தனாதிகாரி ஆகிய மூன்று பதவிகளில் ஒன்றையேனும் பெண்ணுக்கென ஒதுக்குவோம் எனப் பணிவுடன் வேண்டுகின்றேன். ஒரு வருடத்தில் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். இரண்டாம் முறையும் பொறுத்திருந்து பாருங்கள். அதன் பின்னரும் குறை காணின் நேரிற் சொல்லுங்கள், கேட்டுத் திருந்துவோம்.