இருபது ரூபாய் எதற்கு?

(விஸ்வநத்தம் குழுக் கூட்டத்தில் பேசியது)



"கட்டுன பணம் திரும்பி வருமா மேடம்?"னு போன கூட்டத்துல ஒரு அக்கா கேட்டாங்க. வராது. இது சேமிப்பு இல்லை, காப்பீடு.

2015-இல் தொடங்கிய பிரதமரின் விபத்துக் காப்பீட்டுத் திட்டத்தில் பிரீமியம் ஆண்டுக்கு 12 ரூபாயாக இருந்தது. 2022 முதல் 20 ரூபாய். வங்கிக் கணக்குள்ள 18 முதல் 70 வயது வரையானவர்கள் சேரலாம். விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். ஒரு கையோ, காலோ, கண்ணோ முழுசாகப் போனால் 1 லட்சம். நோயால் இறந்தால் கிடையாது. ஆஸ்பத்திரிச் செலவும் கிடையாது.

2012 முதலிப்பட்டி வெடி விபத்தை நாம் மறக்கவில்லை. மே மாதக் கடைசியில் கணக்கில் 20 ரூபாய் இல்லாவிட்டால் காப்பீடு நின்றுவிடும். இன்னிக்கே பாஸ்புக்கைப் பாருங்க, பணம் பிடிச்சிருக்கா? வாரிசா யார் பேரு இருக்குன்னு பேங்க்ல கேளுங்க. வீட்டிலும் சொல்லி வையுங்க. நமக்கு ஒண்ணு ஆனா, போய்க் கேட்கப்போறது அவங்கதானே!