வீட்டுத் திரையும் காட்சிக் குறியும்

நண்பர் ஒருவரிடமிருந்து ஒரு நூலை இரவல் வாங்கி வருகிறோம். பக்கங்களைப் புரட்டும்போது நடுவே ஒரு மயிலிறகோ, பழைய பேருந்துச் சீட்டோ தென்படுகிறது. உடனே நம் கண் அந்தப் பக்கத்தில் நின்றுவிடுகிறது. 'இவர் இங்கே ஏன் நின்றார்? எதைக் கண்டு நின்றார்?' என்று மனம் கேட்கிறது. அந்த மயிலிறகு ஒரு சொல்லும் பேசவில்லை. எனினும் ஒருவர் சுவைத்த இடத்தை மற்றொருவருக்குக் காட்டிவிடுகிறது.

நூலுக்கு இவ்வாறு அடையாளம் வைப்பது பழைய வழக்கம். திரைப்படத்திற்கும் அவ்வாறே அடையாளம் வைக்கலாம், அந்த அடையாளங்களைப் பிறரோடு பகிர்ந்துகொள்ளலாம் என்ற நிலை அண்மைக் காலத்தில்தான் தோன்றியது. அது எவ்வாறு தோன்றியது, அதனால் விளையும் நன்மை யாது, அதில் நாம் எச்சரிக்கையாக இருக்கவேண்டிய இடம் எது என்பவற்றைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

கொட்டகையில் படம் பார்க்கும்போது நாம் படத்தின் போக்கிற்குக் கட்டுப்பட்டவர்கள். ஒரு காட்சி நன்றாக இருக்கிறது என்பதற்காக, 'சற்று நிறுத்துங்கள், மறுபடியும் காட்டுங்கள்' என்று படம் ஓட்டுபவரிடம் கேட்க இயலாது. பேசும் படம் நொடிக்கு 24 சட்டங்கள் வீதம் ஓடுகிறது. இரண்டு மணி நேரப் படம் ஒன்றில் 1,72,800 சட்டங்கள் இருக்கின்றன. ஓடுகின்ற ஆற்றில் ஓரிடத்தைச் சுட்டி, 'இந்த நீரைப் பார்' என்று சொல்ல முடியுமா? திரைப்படச் சுவைஞரின் நிலை நெடுங்காலம் அவ்வாறே இருந்தது. பார்த்த காட்சியை நினைவில் வைத்திருந்து வாயால் வருணிப்பதைத் தவிர அவருக்கு வேறு வழி இருக்கவில்லை.

இந்நிலையை மாற்றிய சாதனங்களுள் ஒன்று, 1978-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த லேசர் தட்டு. அதில் ஒரு வகைத் தட்டின் ஒரு பக்கத்தில் அரை மணி நேரப் படம் அடங்கும். அந்த அரை மணி நேரத்திற்கு 54,000 சட்டங்கள்; ஒவ்வொரு சட்டத்திற்கும் ஓர் எண். வேண்டிய எண்ணை அழுத்தினால் அந்தச் சட்டம் அசையாமல் திரையில் வந்து நிற்கும். நூலுக்குப் பக்க எண் எத்தகையதோ, அத்தகையது படத்திற்கு இந்த எண். 1984-இல் கிரைட்டீரியன் என்னும் நிறுவனம் 'சிட்டிசன் கேன்', 'கிங் காங்' ஆகிய இரு பழம் படங்களை இத்தகைய தட்டுகளில் வெளியிட்டது. 'கிங் காங்' தட்டில், ரொனால்ட் ஹேவர் என்ற திரைப்பட அறிஞர் படம் ஓட ஓட விளக்கம் சொல்லிக்கொண்டே வரும் ஒலியும் தனியாகச் சேர்க்கப்பட்டிருந்தது. பின்னர் 1996-இல் ஜப்பானிலும், 1997-இல் அமெரிக்காவிலும் டிவிடி தட்டுகள் வந்தன. அவற்றில் படம் அத்தியாயங்களாகப் பகுக்கப்பட்டது. நூலைப் போலவே படத்தையும் புரட்டிப் பார்க்கும் காலம் வந்துவிட்டது.

இதே காலத்தில் வசதியுள்ள வீடுகளில் இல்லத் திரையரங்கு என்னும் அமைப்பும் வளர்ந்தது. ஓர் அறையை இருட்டாக்கி, சுவரில் பெரிய திரை அமைத்து, முன்னே மூன்றும் பக்கங்களில் இரண்டுமாக ஒலிபெருக்கிகளை வைத்து, இடிமுழக்கம் போன்ற தாழ்ந்த ஒலிகளுக்கென்று மேலும் ஒன்றைச் சேர்ப்பார்கள். கொட்டகையின் அனுபவத்தை வீட்டிற்குள் கொண்டுவரும் முயற்சி இது. 2001-இல் கலிபோர்னியாவில் தொடங்கப்பெற்ற கெலைடஸ்கேப் என்னும் நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. வீட்டுக்காரர் வாங்கி வைத்திருக்கும் நூற்றுக்கணக்கான படங்களை ஒரே பெட்டகத்தில் சேமித்து வைத்து, வேண்டியதை வேண்டியபோது திரையில் காட்டும் கருவியை அது செய்தது. அந்தக் கருவியில் சிறந்த காட்சிகளுக்குக் குறி வைக்கும் வசதியும் உண்டு. குறியைத் தொட்டால் படம் நேரே அந்த இடத்திலிருந்து ஓடத் தொடங்கும்.

குறி வைக்கத் தெரிந்தவுடன் மனிதனுக்கு என்ன தோன்றும்? 'என் குறியை நண்பனுக்குக் கொடுக்கலாமா? அவனுடைய குறியை நான் வாங்கலாமா?' என்றுதான் தோன்றும். மயிலிறகின் கதைதான் இதுவும்.

இங்கே நாம் ஒன்றைத் தெளிவாக உணரவேண்டும். இவ்வாறு பகிரப்படுவது படம் அன்று. படத்தின் பெயர், அதன் பதிப்பு, காட்சி தொடங்கும் மணி, நிமிடம், நொடி, அது முடியும் நேரம், காட்சிக்கு இட்ட ஒரு பெயர் ஆகிய இவ்வளவே ஒரு குறியில் அடங்கும். இரு அடுக்குள்ள டிவிடி ஒன்று ஏறத்தாழ 850 கோடி எழுத்துகளுக்குரிய இடத்தைக் கொண்டது. நூறு காட்சிகளின் குறிகளையோ சில தாள்களில் எழுதி அஞ்சலுறையில் வைத்து அனுப்பிவிடலாம். அந்தத் தாள்களில் ஒரு படமும் இல்லை. ஓர் ஒலியும் இல்லை. பெறுகின்றவரிடம் அந்தப் படம் இருந்தால் மட்டுமே அந்த எண்கள் உயிர் பெறும். திருக்குறளில் இத்தனையாவது குறள் என்று 1330-க்குள் ஓர் எண்ணை நண்பருக்கு எழுதி அனுப்புகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் நூலை எடுத்துத் திறந்தால்தானே அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு?

குறளுக்கு எண் மாறுவதில்லை. ஆனால் படத்திற்கு நேரம் மாறுகிறது. டேவிட் லீன் இயக்கிய 'லாரன்ஸ் ஆப் அரேபியா' 1962-இல் வெளியானபோது மூன்றரை மணி நேரத்திற்கும் மேற்பட்ட படமாக இருந்தது. பிறகு அதைச் சுருக்கினார்கள். விடுபட்ட பகுதிகளைத் தேடிச் சேர்த்து 1989-இல் அதை மீட்டமைத்தார்கள். சுருங்கிய படத்தில் வைத்த குறி மீட்டமைத்த படத்தில் வேறோர் இடத்தைக் காட்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் இந்தியாவிலும் வழங்கிய தொலைக்காட்சி முறைக்கு ஏற்ற தட்டுகளில், நொடிக்கு 24 சட்டங்களாக எடுத்த படத்தை 25 சட்டங்களாக ஓட்டுவது வழக்கம். அதனால் அமெரிக்கத் தட்டில் 100-ஆவது நிமிடத்தில் வரும் காட்சி இங்கே 96-ஆவது நிமிடத்திலேயே வந்து போய்விடும். ஆகவே, குறியைப் பகிர்வோர் எந்தப் பதிப்பு என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். நூலை மேற்கோள் காட்டும் மாணவர் பதிப்பையும் பக்கத்தையும் குறிப்பிடுவது போன்ற ஒழுங்கு இது.

குறி வேறு, படி வேறு என்னும் இவ்வேறுபாடு நீதிமன்றங்களுக்கு எட்டிய ஒன்று. தட்டிலுள்ள படத்தைப் பெட்டகத்தில் படியெடுத்து வைப்பது உரிம ஒப்பந்தத்திற்கு முரண் என்று, டிவிடி பாதுகாப்பு முறைக்கு உரிமம் வழங்கும் அமைப்பு 2004-இல் கெலைடஸ்கேப் மீது வழக்குத் தொடர்ந்தது. 2007-இல் தீர்ப்பு நிறுவனத்திற்குச் சாதகமாயிற்று. 2009-இல் மேல்முறையீட்டில் அது மாறியது. 2014-இல் இரு தரப்பும் சமாதானமாயின. பத்தாண்டுக் காலம் நடந்த அப்பூசல் படியெடுப்பதைப் பற்றியது.

மற்றொரு வழக்கு இவ்வேறுபாட்டை இன்னும் நன்றாக விளக்கும். அமெரிக்காவில் யூட்டா மாநிலத்து நிறுவனமொன்று, தமக்கு ஒவ்வாத காட்சிகளையும் சொற்களையும் வெட்டி நீக்கிய படங்களைத் தட்டுகளாக்கி விற்றது. 2006-இல் நீதிமன்றம் அதை உரிமை மீறல் என்று தடுத்தது. ஆனால் அதற்கு முந்திய ஆண்டிலேயே, 2005-இல், அந்நாட்டு மன்றம் ஒரு சட்டம் இயற்றியிருந்தது. வீட்டில் முறையான தட்டைப் பார்க்கும்போது, வேண்டாத சில பகுதிகளை மட்டும் கருவி தாண்டிச் செல்லலாம். மாற்றப்பட்ட நிலையான படி ஒன்றை உண்டாக்கலாகாது என்பது அச்சட்டத்தின் கருத்து. கருவி எவ்வாறு தாண்டும்? இத்தனையாவது நொடியிலிருந்து இத்தனையாவது நொடி வரை என்னும் ஒரு பட்டியலைக் கொண்டே தாண்டும். சிறந்த காட்சியைக் காட்டும் பட்டியலும், வேண்டாத காட்சியை மறைக்கும் பட்டியலும் ஒரே வகையைச் சேர்ந்தவை. கத்தரிக்கோல் படத்தைத் தொட்டால் குற்றம். பட்டியல் படத்தைத் தொடுவதே இல்லை.

சட்டம் ஏற்றுக்கொண்டது என்பதால் மட்டும் ஒரு செயல் கலைக்கு நியாயம் செய்ததாகிவிடுமா? அமெரிக்க இயக்குநர்களின் சங்கம் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்தது. தாம் ஒரு முழுமையாகப் படைத்ததைப் பிறர் துண்டு துண்டாக்குகிறார்கள் என்பது அவர்களுடைய குறை. வெட்டுவோருக்கு எதிராக அவர்கள் சொன்ன அந்தக் குறை, காட்சியைப் போற்றிக் குறி வைப்பவருக்கும் பொருந்துமா? இதை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

'லாரன்ஸ் ஆப் அரேபியா'வில் புகழ்பெற்ற ஒரு காட்சி உண்டு. பாலைவனத்தில் ஒரு கிணறு. லாரன்சும் அவனுடைய வழிகாட்டியும் நீர் அருந்துகிறார்கள். தொலைவில், கானலின் நடுவே ஒரு கரும்புள்ளி தோன்றுகிறது. இசை இல்லை, பேச்சும் ஏறக்குறைய இல்லை. புள்ளி மெல்ல மெல்ல ஒட்டகத்தின்மேல் வரும் மனிதனாக வளர்கிறது. துப்பாக்கி வெடிக்கிறது, வழிகாட்டி விழுந்து இறக்கிறான். வந்தவன் ஷெரீப் அலி. அவன் குலத்தாரின் கிணற்றில் பிற குலத்தவன் நீர் அருந்தியது குற்றமாம்! பெரிய திரையில் இக்காட்சியைக் கண்டவர் எளிதில் மறக்கமாட்டார். குறி வைப்பதற்கு இதைவிடத் தகுந்த காட்சி அரிது.

ஆயினும் இதை மட்டும் பார்த்தவர் அலியைப் பற்றி என்ன நினைப்பார்? இரக்கமற்ற கொலைஞன் என்றே முடிவு செய்வார். படத்தின் பிற்பகுதியிலோ நிலைமை தலைகீழாகிறது. பின்வாங்கிச் செல்லும் துருக்கியப் படையை ஒருவர் விடாமல் கொல்லுமாறு லாரன்ஸ் ஆணையிடுகிறான். 'வேண்டாம், டமாஸ்கஸுக்குப் போவோம்' என்ற கருத்தில் அவனைத் தடுக்க முயல்பவன் அந்த அலியே. கிணற்றடியில் கண்ட கொலையை வெறுத்தவன் கொலையில் திளைக்கிறான்; அன்று கொன்றவன் இன்று கண்டு நடுங்குகிறான். இரண்டையும் பார்த்தவருக்கே கிணற்றடிக் காட்சியின் முழுப் பொருளும் விளங்கும். முதற்காட்சியில் நிற்பவர் ஒரு மனிதனைத் தவறாகத் தீர்ப்பளித்துவிட்டு எழுந்துபோகிறார்.

இல்லத் திரையரங்குக்காரர் பலரிடம் இந்தக் குறை உண்டு. விருந்தினர் வந்தவுடன் கருவியின் வன்மையைக் காட்டவேண்டும் என்ற ஆசை எழுகிறது. 1998-இல் வந்த 'சேவிங் பிரைவேட் ரையன்' படத்தில், நார்மண்டிக் கடற்கரையில் படைவீரர்கள் இறங்கும் காட்சியை ஓட்டுகிறார்கள். குண்டுகள் நாற்புறமும் சீறுகின்றன. விருந்தினர், 'என்ன ஒலி! என்ன தெளிவு!' என்று வியக்கிறார். அங்கே மடிகின்றவர்கள் ஒலிபெருக்கியைச் சோதிப்பதற்காக மடிந்தவர்கள் அல்லர். போரின் கொடுமையை உணர்த்த எடுத்த காட்சி பொருட்காட்சியாகிவிடுகிறது. இது கருவியின் குற்றம் அன்று. காட்டுகின்றவர் மனம் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

நல்ல வழியையும் ஒருவர் காட்டினார். ரோஜர் ஈபர்ட் என்ற அமெரிக்கத் திறனாய்வாளர் 2013-இல் மறைந்தார். கொலராடோ மாநிலத்தில் போல்டர் நகரப் பல்கலைக்கழகத்தில் அவர் பல்லாண்டுகள் ஒரு வகுப்பு நடத்தினார். முதல் நாள் படத்தை முழுமையாகக் காட்டுவார். அடுத்த நாள்களில் மீண்டும் ஓட்டுவார். கூடியிருப்போரில் எவரும், 'நிறுத்துங்கள்!' என்று குரல் கொடுக்கலாம். படம் நிற்கும். அவர் தாம் கண்டதைச் சொல்வார், மற்றவர்கள் விவாதிப்பார்கள். பல ஆயிரம் படங்கள் பார்த்த அறிஞருக்கும் புலப்படாத ஒன்று முதல் வரிசை மாணவனுக்குப் புலப்பட்டிருக்கக் கூடும் என்பதே அவ்வகுப்பின் அடிப்படை. அங்கே எழுந்த ஒவ்வொரு குரலும் ஒரு காட்சிக் குறியே. முதலில் முழுமை, பிறகு குறி என்னும் வரிசையைக் கவனியுங்கள். அவரே 2002-இல் ஒரு யோசனையும் கூறினார்: சுவைஞர்கள் தாமே விளக்கவுரைகளை ஒலிப்பதிவு செய்து பகிர்ந்துகொள்ளலாம், படத்தை அவரவர் தட்டில் ஓட்டிக்கொண்டே அதைக் கேட்கலாம் என்றார்.

மாணவ நண்பர்களே, இல்லத் திரையரங்கு நம்மில் பலருக்கு எட்டாத பொருள். ஆனால் காட்சியைப் பகிரும் வழக்கமோ இன்று கைப்பேசி வைத்திருக்கும் அனைவரிடமும் வந்துவிட்டது. நாள்தோறும் படங்களின் துண்டுகள் நம்மிடம் வந்து சேர்கின்றன. துண்டுக்கும் குறிக்கும் உள்ள வேறுபாட்டை மறவாதீர்கள். துண்டு தன்னளவில் முடிந்துவிடுகிறது. அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. குறியோ முழுப் படத்தின்மேல் வைத்த விரல். அதைத் தொட்டுக் காட்சியைக் கண்டவர், விரும்பினால் பத்து நிமிடம் பின்னே சென்று தொடங்கலாம். காட்சி முடிந்த பின்னும் தொடர்ந்து பார்க்கலாம்.

ஆகவே, ஒரு காட்சியை நண்பருக்குச் சொல்லும்போது படத்தின் பெயரையும், பதிப்பையும், நேரத்தையும் சொல்லுங்கள். நீங்கள் ஏன் அங்கே நின்றீர்கள் என்பதை ஒரு வரியில் எழுதுங்கள். எந்த இடத்திலிருந்து பார்த்தால் அது விளங்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறர் அனுப்பிய குறி வந்தால், அதில் வரும் மனிதனைப் பற்றி முடிவு கட்டுவதற்கு முன் படத்தை ஒருமுறை முழுமையாகப் பாருங்கள். மயிலிறகு இருந்த பக்கத்தை மட்டும் படித்துவிட்டு நூலைத் திருப்பித் தருகிறவரை, இரவல் கொடுத்தவர் அடுத்த முறை சற்றுத் தயங்கியே பார்ப்பார் அன்றோ?