பிளம்பிங் ஒப்பந்தக்காரரும் காப்பீடும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கல்விச் சங்கத்தின் விழாவில் ஒரு தலைமையாசிரியர் தேர்வையும் கல்லூரியையும் பற்றிப் பேசுவார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அவற்றைக் குறித்து எனக்கு முன் பேசியவர்கள் நிறைவாகவே பேசிவிட்டார்கள். ஐ.டி.ஐ.யில் பிளம்பர் பிரிவில் தேறி, சில ஆண்டுகள் மேஸ்திரியிடம் கூலிக்கு நின்று தொழில் பழகி, பிறகு தாமே நான்கைந்து ஆட்களை வைத்து வேலை எடுத்து நடத்தும் நம் பிள்ளைகளைப் பற்றி நான் பேச விரும்புகிறேன். அத்தகையோர் பலர் இந்த அவையிலேயே அமர்ந்திருக்கிறீர்கள். கூலியாக இருந்தவர் கூலி கொடுப்பவராக உயர்ந்தது நம் தெருக்களுக்குச் சிறிய செய்தியன்று. அந்த உயர்வு ஒரே நாளில் சரிந்துபோகவும் கூடும் என்பதால்தான் காப்பீட்டைப் பற்றிப் பேசத் துணிந்தேன்.

நண்பர்களே, பைப் ரிஞ்சைக் கையில் பிடித்து நீங்களும் ஆட்களோடு ஆளாக நின்று வேலை செய்யலாம். ஆனால் நீங்கள் ஓர் ஆளுக்குக் கூலி கொடுக்கத் தொடங்கிய அன்றே சட்டம் உங்களை முதலாளி என்று எழுதிக்கொள்கிறது. வேலையின்போது தொழிலாளிக்கு விபத்து நேர்ந்தால் முதலாளி ஈடு கொடுக்க வேண்டும் என்னும் சட்டம் இந்நாட்டில் 1923 ஆம் ஆண்டிலேயே பிறந்தது. 2020 ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தபோது, அப்பழைய சட்டத்தின் இடத்தை அது எடுத்துக்கொண்டது. பெயர் மாறியதே தவிர முதலாளியின் பொறுப்பு குறையவில்லை. ‘அவன் கவனமில்லாமல் ஏறினான், நான் என்ன செய்வேன்?’ என்று கேட்டுத் தப்பவும் முடியாது. உயிர்போன இடத்தில் தொழிலாளியின் கவனக்குறைவைக் காட்டி ஈட்டுத்தொகையை மறுக்க இயலாது.

என்னிடம் படித்த ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன், பெயர் வேண்டா. 2021 ஆம் ஆண்டில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் குழாய் வேலை முழுவதையும் அவர் உள் ஒப்பந்தமாக எடுத்திருந்தார். வெளிச்சுவரில் கழிவுக் குழாய்க்கு கிளாம்ப் அடித்துக்கொண்டிருந்தபோது சாரம் சரிந்து அவருடைய ஆள் ஒருவர் விழுந்து இறந்தார். இறந்தவருக்கு வயது 25. மாதக் கூலி 15,000 ரூபாய். இருவரும் ஒரே தெருக்காரர்கள். ஒருவர் தாயும் மற்றவர் தாயும் ஒரே தெருக்குழாயில் தண்ணீர் பிடிப்பவர்கள்.

ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். ஒப்பந்தக்காரர் கடன் வாங்கி இரண்டு இலட்சம் ரூபாய் கொடுத்தார். வெள்ளைத்தாளில் கையெழுத்தும் பெற்றார்கள். எல்லோரும் நல்ல எண்ணத்தோடுதான் செய்தார்கள். ஆயினும் மரணத்திற்கான ஈட்டுத்தொகையை உரிய அதிகாரியிடம்தான் செலுத்த வேண்டும், முன்பணமாகத் தரும் மூன்று மாதக் கூலி வரையிலான தொகை நீங்கலாக நேரில் கொடுத்த பணம் ஈட்டுத்தொகையாகக் கணக்கில் வராது என்பது சட்டம். பின்னர் அந்தத் தாய் முறைப்படி மனுச் செய்தார். மாதக் கூலியில் பாதியை வயதுக்குரிய காரணியால் பெருக்குவது கணக்கு. 25 வயதுக்கு அக்காரணி 216.91. பாதிக் கூலியாகிய 7,500 ரூபாயை அதனால் பெருக்கினால் 16,26,825 ரூபாய் வருகிறது. ஒரு மாதத்திற்குள் செலுத்தாமையால் ஆண்டுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டியும் சேர்ந்தது. கட்டட நிறுவனம் அத்தொகையைச் செலுத்திவிட்டுத் தனக்குச் சட்டம் தந்துள்ள உரிமைப்படி உள் ஒப்பந்தக்காரரிடமிருந்து திரும்பப் பெற்றது. நிலுவையில் இருந்த பில் தொகை போயிற்று; தந்தை வாங்கி வைத்திருந்த மனையும் போயிற்று. அந்தத் தாய் கேட்டது நியாயம். அதில் யாருக்கும் ஐயம் வேண்டா. அந்த நியாயத்தைச் செலுத்த இவரிடம் ஏற்பாடு இல்லை என்பதுதான் துயரம். இன்று அவ்விரு குடும்பங்களும் பேசிக்கொள்வதில்லை.

‘எனக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதே, சார்’ என்று அவர் ஒரு தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். படித்துப் பார்த்தேன். வங்கிக் கடனில் வாங்கிய நூல் போடும் இயந்திரத்திற்கும் டிரில்லிங் இயந்திரங்களுக்கும் வங்கி எடுக்கச் சொன்ன பாலிசி அது. இயந்திரம் எரிந்தால் வங்கியின் கடன் காக்கப்படும். ஆள் விழுந்தால் அந்தத் தாளில் ஒரு வரியும் இல்லை. தாட்கோ மூலமாகவோ வேறு திட்டத்தின் கீழோ கடன் பெற்ற நம் இளைஞர் பலரும் இந்த ஒரு தாளையே முழுக் காப்பீடு என்று நம்பியிருக்கிறார்கள்.

ஆகையால் முதலில் எடுக்க வேண்டியது தொழிலாளர் இழப்பீட்டுப் பாலிசி. முதலாளியின் சட்டப் பொறுப்பைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்றுக்கொள்வது இதன் சாரம். நீங்கள் ஓராண்டில் கொடுக்கும் மொத்தக் கூலியையும் வேலையின் தன்மையையும் வைத்துப் பிரீமியம் கணக்கிடப்படுகிறது. நான்கைந்து ஆட்களுக்கு அது பெரும்பாலும் சில ஆயிரங்களில் அடங்கிவிடும். இதில் பலர் ஒரு சிக்கனம் செய்கிறார்கள். ஆறு பேரை வைத்துக்கொண்டு மூன்று பேர் என்று எழுதுவார்கள்; அறுநூறு ரூபாய் கூலியை முந்நூறு என்று காட்டுவார்கள். விபத்து நேர்ந்த பின் நிறுவனம் முதலில் கேட்பது கூலிப் பதிவேட்டைத்தான். பதிவேட்டுக்கும் பாலிசிக்கும் பொருத்தம் இல்லையேல் குறைத்துக் கொடுப்பார்கள்; மறுப்பதும் உண்டு. பதிவேடே இல்லாதவர் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. கூலியை வங்கிக் கணக்கில் செலுத்துங்கள். இயலாதபோது தேதியிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். மருத்துவச் செலவு தானாகச் சேராது. கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். உங்களிடமிருந்து வேலையைப் பிரித்து எடுப்பவரின் ஆட்களையும் எழுதிச் சேர்க்க வேண்டும். தாமதத்திற்காக அதிகாரி விதிக்கும் தண்டத்தைப் பாலிசி ஏற்காது.

பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வைத்து நடத்துமளவு வளர்ந்தவர்கள் தொழிலாளர் அரசுக் காப்பீடாகிய இ.எஸ்.ஐ. தங்களுக்குப் பொருந்துமா என்று கேட்டறிய வேண்டும். 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்தவர் டாக்டர் அம்பேத்கர் அவர்கள். பேராசிரியர் அடார்க்கர் 1944 இல் அளித்த அறிக்கையின் வழியே 1948 இல் அச்சட்டம் வந்தது. பாபாசாகிபின் படத்திற்கு மாலையிடும் நாம் அவர் துறையில் உருவான ஏற்பாட்டை நம் ஆட்களுக்கு மறுக்கலாகாது. தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்திலும் ஒவ்வோர் ஆளையும் பதிவு செய்யுங்கள். ஆனால் வாரியம் தருவது உதவித்தொகை. அது முதலாளியின் பொறுப்பைத் தீர்க்காது.

இரண்டாவது, பிறர் உடைமைக்கு நேரும் சேதம். நம் தொழிலில் நெருப்பைவிடத் தண்ணீருக்கே அஞ்ச வேண்டும். சுவருக்குள் புதைத்த குழாயில் ஓர் எல்போ சரியாக ஒட்டவில்லை. பிரஷர் டெஸ்ட் செய்யாமல் டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவில் இணைப்பு விட்டுப்போனால் கீழ்வீட்டின் கூரை அலங்காரம், மரச்சாமான், மின்சாதனம் யாவும் பாழாகும். அதற்கானது பொதுப் பொறுப்புப் பாலிசி. இதில் ஒரு விபத்துக்கு இவ்வளவு, ஓராண்டிற்கு இவ்வளவு என இரண்டு வரம்புகள் இருக்கும்; இரண்டையும் பாருங்கள். கீழ்வீட்டுச் சேதத்தைக் கேட்டுப் பெறலாமே தவிர, நீங்கள் சரியாகச் செய்யாத இணைப்பை உடைத்து மீண்டும் செய்யும் செலவைக் கேட்க முடியாது. வேலையை முடித்துச் சாவியைக் கொடுத்த பின் நேரும் கசிவும் சேருமா என்பதை எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் பெறுங்கள். பல பாலிசிகளில் அது தனியாகச் சேர்க்கப்பட வேண்டியது. பெரிய கட்டடங்களில் முதன்மை ஒப்பந்தக்காரர் முழு வேலைக்கும் ஒரு பாலிசி எடுத்திருப்பார். அதில் உள் ஒப்பந்தக்காரரும் காப்பீடு செய்யப்பட்டவராகச் சேர்க்கப்பட்டிருக்கிறாரா என்று வேலையில் இறங்குமுன் கேட்பது உங்கள் உரிமை.

கருவிகளைப் பற்றி ஒரு சொல். பூட்டை உடைத்துத் திருடினால்தான் களவுப் பாலிசி பணம் தரும். திறந்த வெளியில் மூட்டை கட்டி வைத்துவிட்டு வந்தால் தராது.

நீங்கள் கீழே விழுந்தால் என்ன ஆகும்? ஆட்களுக்கான பாலிசி முதலாளியைக் காப்பதில்லை. தனிநபர் விபத்துப் பாலிசி தனியாக வேண்டும். குறைந்த அளவாக, வங்கிக் கணக்கு வழியே ஆண்டுக்கு 20 ரூபாயில் கிடைக்கும் பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்திலாவது நீங்களும் உங்கள் ஆட்களும் சேருங்கள். 18 வயது முதல் 70 வரை சேரலாம். விபத்தில் இறந்தால் இரண்டு இலட்சம். மே மாத இறுதியில் கணக்கில் பணம் இருக்க வேண்டும் என்பதை மறவாதீர்கள்.

இனி நான் சொல்லப்போவது எந்தப் பாலிசியிலும் அடங்காதது. குழாய் வேலை முடியும் தறுவாயில் வீட்டுக்காரர், ‘அப்படியே அந்தக் கழிவுநீர்த் தொட்டியையும் ஆள் இறக்கிப் பார்த்துவிடுங்கள்’ என்பார். பிற வகுப்பு ஒப்பந்தக்காரரிடம் இதை இவ்வளவு எளிதாகக் கேட்பார்களா என்று எண்ணிப் பாருங்கள். உங்களிடம் கேட்பதன் காரணம் உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தத் தொட்டியில் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு மிகும்போது மூக்கு மரத்துப் போவதால் நாற்றமே தெரியாது. இறங்கியவர் மயங்குவார், தூக்கப் போன இரண்டாமவரும் விழுவார். பாதுகாப்பு ஏற்பாடின்றிச் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் ஆளை இறக்குவதை 2013 ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. முதல் முறையே ஈராண்டு வரை சிறையோ இரண்டு இலட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். மீண்டும் செய்தால் ஐந்தாண்டும் ஐந்து இலட்சமும் வரை. கழிவுநீர் மரணங்களுக்கு 2014 இல் பத்து இலட்சம் என்று வகுத்த உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை முப்பது இலட்சமாக உயர்த்தியது. சிறையையும் அபராதத்தையும் எந்தக் காப்பீட்டு நிறுவனமும் உங்களுக்காக ஏற்காது. நம் தந்தையர் எந்தக் குழியிலிருந்து ஏறி வந்தார்களோ, அதே குழியில் நம் பிள்ளையை நம் ஒப்பந்தக்காரரே இறக்குவதா? அந்த வேலை போனால் போகட்டும். கழிவுநீர் லாரியை அழைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

நடைமுறையில் இரண்டொன்று சொல்லி முடிக்கிறேன். பிரீமியம் நிறுவனத்திற்குச் சேரும்வரை காப்பீடு தொடங்குவதில்லை. முகவர் வாய்மொழியாக ‘ஆயிற்று’ என்றால் போதாது, ரசீதைக் கேளுங்கள். விபத்து நேர்ந்தால் முதலில் மருத்துவமனை, அடுத்துக் காவல் நிலையம், அன்றே காப்பீட்டு நிறுவனத்திற்கு எழுத்து மூலம் தகவல். நிறுவனத்தைக் கேளாமல், ‘முழுப் பொறுப்பும் என்னுடையது, இவ்வளவு தருகிறேன்’ என்று எழுதிக் கொடுத்தால் பாலிசியின் நிபந்தனையை மீறியதாகும். அடக்கச் செலவுக்கு உதவுவதை யாரும் குற்றம் சொல்லார், அது வேறு. நியாயமின்றி மறுத்தால் சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகம் இருக்கிறது. தனி உரிமையாளரும் குறுந்தொழில் செய்வோரும் கட்டணமின்றி அங்கே முறையிடலாம். முதலில் நிறுவனத்திற்கு எழுதியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பாலிசித் தாள்கள் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் இருக்கின்றன. எவையெல்லாம் சேரா என்னும் பகுதி பெரும்பாலும் பின்பக்கத்தில் இருக்கும். வாங்குவோர் படிக்காத பக்கமும் அதுவே. ஞாயிறுதோறும் காலையில் நான் சங்கப் படிப்பகத்தில்தான் இருப்பேன். தொழில் செய்யும் தம்பிமார் தங்கள் தாள்களையும் கூலிப் பதிவேட்டையும் எடுத்து வந்தால் வரிவரியாக உட்கார்ந்து படிப்போம். பதிவேடு இல்லாதவர் ஒரு கோடிட்ட நோட்டு வாங்கி வந்தால் போதும்; முதல் பக்கத்தை நானே கோடு போட்டுத் தருகிறேன்.