இரண்டெழுத்தும் நாட்டுரிமையும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

கணினித் தொழில்நுட்பம் நாடுகளுக்கிடையேயான உறவை எவ்வாறு மாற்றி வருகிறது என்பது பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்துள்ளனர். பொருள் மிகப் பெரிது. எல்லாவற்றையும் தொட்டுச் செல்ல முற்பட்டால் எதையும் சொல்லாதவனாகி விடுவேன். ஆகவே மிகச் சிறிய ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். இணைய முகவரியின் இறுதியில், புள்ளிக்குப் பின்னே நிற்கும் இரண்டு எழுத்துகள்தாம் அது. இந்தியாவுக்கு ஐ, என். இலங்கைக்கு எல், கே. சிங்கப்பூருக்கு எஸ், ஜி. இந்த இரண்டெழுத்து யாருடையது? கொடுப்பவர் யார்? திரும்பப் பெறும் உரிமை யாருக்கு உண்டு? இவ்வினாக்களைப் பின்தொடர்ந்து சென்றால், இக்காலத்து அரசதந்திரம் எந்த அறையில் நடைபெறுகிறது என்பது தானே விளங்கும்.

இணையத்தில் ஒவ்வொரு கணினியும் எண்ணால்தான் அறியப்படுகிறது. எண்களை மனிதரால் நினைவில் வைக்க இயலாதென்பதால் 1983ஆம் ஆண்டில் பால் மொக்கபெட்ரிஸ் என்னும் அறிஞர் பெயர்முறை ஒன்றை வகுத்தார். அம்முறையின் உச்சியில் மூலப் பதிவேடு ஒன்று உள்ளது. நம் ஊர்ப் பக்கம் நிலத்திற்குக் கிராமக் கணக்கு எத்தகையதோ, இணையத்திற்கு அப்பதிவேடு அத்தகையது. கணக்கில் ஏறாத நிலத்தை எத்தனை தலைமுறை உழுதாலும் அலுவலகத்தில் அது நம் நிலமன்று. மூலப் பதிவேட்டில் ஏறாத பெயரும் அவ்வாறே. உலகில் எவருக்கும் அது கிட்டாது.

இப்பதிவேட்டை நெடுங்காலம் பேணியவர் ஜான் போஸ்டல் என்னும் தாடிக்காரர். லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில், தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஓர் ஆய்வு நிலையத்தில் பணியாற்றியவர். எது நாடு, எது நாடு அன்று என்று தீர்ப்பது தம் அலுவலகத்தின் வேலையன்று என அவர் 1994இல் எழுதி வைத்தார். உலகத் தரப்படுத்தல் அமைப்பின் 3166 என்னும் எண்ணுடைய பட்டியலில் எந்த நிலப்பகுதிக்கு இரண்டெழுத்து உண்டோ, அதுவே இணையத்திலும் செல்லும் என்றார். இரண்டெழுத்தை நிருவகிப்பவர் அதன் உடைமையாளர் அல்லர், அந்த நாட்டு மக்களுக்காகப் பொறுப்பேற்றிருக்கும் அறங்காவலரே என்றும் அதே ஆவணத்தில் குறித்தார். நல்ல கொள்கைதான். அறங்காவலர் தவறினால் கேட்பது யார் என்பதற்குத்தான் அதில் வலுவான விடை இல்லை.

1998ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் போஸ்டல் ஒரு செயல் செய்தார். உலகின் 13 மூலக் கணினிகளில் எட்டின் பொறுப்பாளர்களுக்கு மடல் விடுத்து, இனிமேல் அரசு ஒப்பந்தம் பெற்ற நிறுவனத்தின் கணினியிலிருந்து அன்றி, தம் கணினியிலிருந்தே பதிவேட்டைப் பெறுமாறு கேட்டார். அவர்களும் இசைந்தனர். அமெரிக்க அரசு கடுமையாக எதிர்க்கவே சில நாள்களில் பழைய நிலை திரும்பியது. அவ்வாண்டு அக்டோபரில் போஸ்டல் மறைந்தார். அதற்குச் சில வாரங்கள் முன்னர்தான் கலிபோர்னியச் சட்டப்படி, இலாப நோக்கற்ற நிறுவனமாக ஐகான் தோன்றியிருந்தது. அமெரிக்க வணிகத் துறையின் ஒப்பந்தத்தின் கீழ் அது பதிவேட்டைப் பேணியது. உலக நாடுகள் பல ஆண்டுகள் வாதாடிய பின், 2016 அக்டோபர் 1ஆம் நாள் அந்த ஒப்பந்தம் முடிவுற்றது.

இதனால் அரசதந்திரத்தில் விளைந்த மாற்றத்தை ஒரே நிகழ்ச்சியால் காட்டலாம். 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தபோது, ரஷ்யாவின் இரண்டெழுத்தை நீக்க வேண்டும் என்று உக்ரைன் அமைச்சர் ஒருவர் கடிதம் எழுதினார். எந்த நாட்டு வெளியுறவு அமைச்சருக்கும் அன்று, ஐகான் நிறுவனத்தின் தலைமை அலுவலருக்கு! சில நாள்களிலேயே மறுப்பு வந்தது. தண்டனை விதிப்பது எம் பணியன்று, எப்பக்கமும் சாயாதிருப்பதே எம் கடமை என்பது அதன் சாரம். மறுப்பு சரியே என்பது என் கருத்து. ஒரு முறை நீக்கப் பழகிய கை மறுமுறையும் நீக்கும். அப்போது வலியவர் பெயர் நீங்காது, எளியவர் பெயரே நீங்கும். ஆனால் போர் நடுவே ஓர் அரசு ஒரு தனியார் அமைப்பின் வாயிலில் மனுவோடு நின்றது என்பதை வரலாறு குறித்துக்கொள்ளும்.

இனி, சிறிய தீவுகளின் கதைக்கு வருகிறேன்.

பசிபிக் கடலில் துவாலு என்னும் நாடு உண்டு. ஒன்பது பவளத் தீவுகள். மொத்தப் பரப்பு 26 சதுர கிலோமீட்டர். மக்கள் தொகை ஏறத்தாழ 11,000. பட்டியலில் அதற்கு வாய்த்த எழுத்துகள் டி, வி. தொலைக்காட்சியைக் குறிக்கும் அதே எழுத்துகள்! இதனை எவரும் திட்டமிடவில்லை; அகரவரிசை அளித்த புதையல். 2000ஆம் ஆண்டில் ஓர் அமெரிக்க நிறுவனத்தோடு 12 ஆண்டுகளில் 5 கோடி டாலர் பெறுவதற்குத் துவாலு உடன்படிக்கை செய்துகொண்டது. அந்தப் பணம்தான் ஐக்கிய நாடுகள் அவையில் சேர்வதற்கான செலவைத் தாங்க உதவியது. அவ்வாண்டு செப்டம்பர் 5ஆம் நாள் துவாலு 189ஆம் உறுப்பு நாடாயிற்று. கடல் மட்டம் உயர்ந்து தன் நிலம் அழிவதைப் பற்றி அந்த அவையில் எழுந்து பேசும் தகுதி, ஒரு வகையில் இரண்டெழுத்தால் வாங்கப்பட்டது. நிலம் மூழ்கினும் அரசு நிலைக்கும் என்று 2023இல் தன் அரசமைப்பையே அந்நாடு திருத்திக்கொண்டது.

நியுவே என்னும் தீவுக்கு அத்தகைய நற்பேறு இல்லை. அதன் எழுத்துகள் என், யு. ஸ்வீடிஷ் மொழியில் 'நு' என்றால் 'இப்பொழுது' என்று பொருள். ஆகவே ஸ்வீடன் நாட்டவர் அப்பெயரைப் பெருவாரியாக வாங்கினர். பெயரை முதலில் எழுதிப் பெற்றவர் தீவினர் அல்லர், ஓர் அமெரிக்கர். தமக்குரிய வருவாய் கிட்டவில்லை, பெயரைத் தம்மிடம் ஒப்படைக்க வேண்டும் என்று தீவின் அரசு ஆண்டுக்கணக்கில் கேட்டது. 2013 முதல் ஸ்வீடனின் இணைய அமைப்பொன்று அதை நடத்துகிறது. 2018இல் நியுவே ஸ்வீடனின் நீதிமன்றத்தையே நாட நேர்ந்தது. ஒரு குறுநகரின் மக்கள் தொகை கூட இல்லாத தீவு, தன் பெயருக்காக அயல்நாட்டில் வழக்காடும் நிலை!

மூன்றாவது கதையை நீங்கள் சற்றுக் கூர்ந்து கேட்க வேண்டும். இந்தியப் பெருங்கடலில், நமக்குத் தென்மேற்கே சாகோஸ் தீவுக்கூட்டம் உள்ளது. மொரிஷியஸ் விடுதலை பெறுவதற்கு மூன்றாண்டுகள் முன்னர், 1965இல் பிரிட்டன் இத்தீவுகளை அதிலிருந்து பிரித்தெடுத்தது. டியகோ கார்சியாவில் அமெரிக்கப் படைத்தளம் அமைப்பதற்காக 1968 முதல் 1973 வரை அங்கு வாழ்ந்த மக்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். தென்னந்தோப்புகளில் உழைத்த குடும்பங்கள் மொரிஷியஸிலும் சீஷெல்ஸிலும் கொண்டு இறக்கப்பட்டன. அவர்களை நிலையான குடிகள் என்றே ஆட்சியாளர் ஒப்புக்கொள்ள மறுத்தனர். ஒப்பந்தக் கூலிகள் என்றனர். குடிகள் இல்லை என்று காட்டினால்தானே குடிகளுக்குரிய உரிமையும் இல்லை என்று கூறலாம்!

மக்கள் அகற்றப்பட்ட அந்த நிலத்திற்கு 1997இல் இணையத்தில் ஐ, ஓ என்னும் இரண்டெழுத்து வழங்கப்பட்டது. கணினித் துறையில் உள்ளீடு, வெளியீடு இரண்டையும் குறிக்கும் எழுத்துகளாதலால் புதிய நிறுவனங்கள் அதனைப் போட்டியிட்டு வாங்கின. நடத்தியது ஒரு பிரிட்டிஷ் நிறுவனம். 2017இல் அந்நிறுவனம் ஏறத்தாழ 7 கோடி டாலருக்குக் கைமாறியது. பிரிட்டிஷ் அரசு தனக்கு அதில் வருவாய் இல்லை என்றது. தீவின் மக்களுக்கோ தம் மண்ணின் பெயர் விற்பனையாவதே பல்லாண்டுகள் கழித்துத்தான் பேசுபொருளாயிற்று. 2021இல் அவர்களின் குழுவொன்று அயர்லாந்து அரசின் அமைப்பிடம் முறையீடு செய்தது. போஸ்டல் எழுதிய அறங்காவலர் என்னும் சொல் இங்கே என்ன பொருள் பெறுகிறது?

பிரித்தது சட்டப்படி செல்லாது என்று 2019 பிப்ரவரியில் அனைத்துலக நீதிமன்றம் ஆலோசனைக் கருத்துரைத்தது. தீவுகளின் இறைமையை மொரிஷியஸிடம் ஒப்படைக்கவும், டியகோ கார்சியாவை 99 ஆண்டுகள் பிரிட்டன் தன் பொறுப்பில் வைத்துக்கொள்ளவும் வகைசெய்யும் உடன்படிக்கையில் 2025 மே 22ஆம் நாள் இரு நாடுகளும் கையெழுத்திட்டன. அந்தப் பேச்சுவார்த்தையின் மேசையில் சாகோஸ் மக்களுக்கு இருக்கை இல்லை. அதனை அவர்களில் பலர் வெளிப்படையாகவே கண்டித்தனர்.

இந்த உடன்படிக்கை நடைமுறைக்கு வருமானால், நிலப்பகுதியின் பெயர் 3166 பட்டியலிலிருந்து நீங்கக்கூடும். நீங்கினால் ஐகானின் விதிப்படி இரண்டெழுத்தும் ஐந்தாண்டில், நீட்டிப்புப் பெற்றால் பத்தாண்டுக்குள், ஓய்வு பெற வேண்டும். யூகோஸ்லாவியாவின் எழுத்துகள் 2010இல் அவ்வாறு மறைந்தன. ஆயினும் 1991இல் கலைந்த சோவியத் ஒன்றியத்தின் எழுத்துகள் அதன் பிறகும் பல்லாண்டுகள் நீடித்தன. விதி ஒன்று; வழக்கம் வேறு.

ஐகானில் அரசுகளுக்கெனத் தனி ஆலோசனைக் குழு உண்டு. அரசு இல்லாத மக்கள் அதில் அமர இயலாது. ஆனால் ஒன்றை நம் இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும். ஐகானின் கூட்டங்களுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. எந்தத் தனிமனிதரும் எழுந்து கேட்கலாம். வெளியிடப்படும் வரைவுகளுக்கு எழுத்தில் கருத்து அனுப்பலாம். ஆங்கிலத் தேர்ச்சியும் பயணச் செலவும் அங்கே மறைமுகமான கட்டணங்கள் என்பதையும் நான் மறைக்கவில்லை. 2008 டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் இணைய ஆட்சிமன்றமும், 2016 நவம்பரில் ஐகானின் கூட்டமும் நமக்கு ஓரிரவு இரயில் பயணத் தொலைவிலுள்ள ஐதராபாத்தில் நடைபெற்றன. இவ்வாறு பலர் கேட்டதனாலேயே ஆங்கில எழுத்தல்லாத முகவரிகளுக்கும் பதிவேடு திறந்தது. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் ஆகிய மூன்றும் இன்று தமிழ் எழுத்திலேயே அதில் நிற்கின்றன.

சாகோஸ் மக்களின் பெயரால் அப்பதிவேட்டில் ஒரு வரியும் இல்லை. ஐ, ஓ நீங்கினாலும் நீடித்தாலும், அதற்கான எந்தத் தாளிலும் அவர்களுடைய கையொப்பம் விதிப்படி தேவைப்படாது.